கிரீனிச் ஹாஸ்பிட்டலின் பள்ளி: அறங்காவலும் ஊரறியச் செய்தலும்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஸ்டூர் ஆற்றின் கழிமுகத்தைப் பார்த்தபடி, ஹோல்புரூக் என்ற ஊரில் ராயல் ஹாஸ்பிட்டல் பள்ளி இருக்கிறது. கடற்படையினரின் பிள்ளைகளுக்காக 1712இல் கிரீனிச்சில் தொடங்கி, 1933இல் இங்கே இடம்பெயர்ந்த உறைவிடப் பள்ளி அது. அதன் பின்னால் நிற்பது கிரீனிச் ஹாஸ்பிட்டல் என்ற பழைய அறக்கட்டளை. இங்கே ஹாஸ்பிட்டல் என்பது மருத்துவமனை அன்று, முதிய மாலுமிகளின் உறைவிடம். இந்த அறக்கட்டளையின் வரலாற்றைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். வாசிக்க வாசிக்க ஒரு கேள்விதான் மேலெழுந்து நிற்கிறது. ஓர் அறப்பள்ளியை நேர்மையாக நிர்வகிப்பதும், அது யாருக்காக இருக்கிறதோ அவர்களிடம் அதைப் பற்றிச் சொல்லுவதும் இரண்டு தனித்தனி வேலைகளா? நிர்வாகத்தை அறங்காவலர்களுக்கும், சொல்லும் வேலையை விளம்பரப் பிரிவுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவதே பொதுவான வழக்கம். அந்தப் பிரிவினை தவறானது என்பதே என் முடிவு. பயன்பெற வேண்டிய குடும்பத்துக்கு ஓர் அறக்கட்டளை இருப்பதே தெரியவில்லை என்றால், கணக்கில் ஒரு பைசா குறையாவிட்டாலும் அங்கே நிர்வாகம் தவறியிருக்கிறது என்றுதான் பொருள். இந்தப் பள்ளியின் மூன்று நூற்றாண்டு வரலாறு அதைப் பல இடங்களில் காட்டுகிறது.

தொடக்கத்தைப் பார்ப்போம். 1692இல் பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த லா ஹோக் போரிலிருந்து காயம்பட்டுத் திரும்பிய மாலுமிகளின் நிலையைக் கண்டு அரசி மேரி மனம் வருந்தினார் என்றும், அவருடைய விருப்பத்திலிருந்தே இந்த அறக்கட்டளை பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது. 1694இல் வில்லியம், மேரி இருவர் பெயரிலும் வழங்கப்பட்ட அரச சாசனம், முதுமையாலும் உடல் ஊனத்தாலும் கடலுக்குப் போக முடியாத மாலுமிகளுக்கு உறைவிடம் அளிப்பதையும், பணியில் இறந்தவர்களின் மனைவியரைத் தாங்குவதையும், அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி தருவதையும், கப்பல் செலுத்தும் கலையை வளர்ப்பதையும் நோக்கங்களாக வகுத்தது. கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த மாபெரும் கட்டடங்கள் தேம்ஸ் கரையில் எழுந்தன. 1705இல் முதல் முதிய மாலுமிகள் குடியேறினார்கள். பள்ளி அதன் பின்னர் சிறிய அளவில் வந்தது. ஆனால் சாசனத்தில் பிள்ளைகளின் கல்வி தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பதை மறக்கக் கூடாது. பள்ளி பின்னாளில் ஒருவருக்குத் தோன்றிய நல்லெண்ணத்தால் ஒட்டவைக்கப்பட்ட கிளை அன்று. அது அறத்தின் மூல நோக்கங்களில் ஒன்று.

இந்த அறத்துக்குப் பணம் வந்த வழிகளைக் கவனித்தால், நிர்வாகம் யாருக்குக் கடமைப்பட்டது என்பது தெளிவாகும். 1696 முதல் ஒவ்வொரு மாலுமியின் மாதச் சம்பளத்திலிருந்தும் ஆறு பென்ஸ் பிடிக்கப்பட்டது. கடற்படையினர் மட்டுமல்லாமல், வணிகக் கப்பல்களில் வேலை செய்தவர்களும் அதைக் கட்டினார்கள். வணிகக் கப்பல் மாலுமிகளிடம் இந்தப் பிடித்தம் 1834 வரை நீடித்தது. வணிக மாலுமிகளில் மிகப் பெரும்பாலோர் அந்த உறைவிடத்தின் வாசலை மிதிக்கும் வாய்ப்பே இல்லாதவர்கள். இருந்தும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டினார்கள். 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக மரண தண்டனை பெற்ற டெர்வென்ட்வாட்டர் பிரபுவின் வட இங்கிலாந்து நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டிருந்தன. 1735இல் பாராளுமன்றம் அவற்றின் வருமானத்தை இந்த அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. அந்த நிலங்களில் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. இவற்றோடு இன்னொரு சிறு வருவாயும் உண்டு. ஜேம்ஸ் தார்ன்ஹில் பல ஆண்டுகள் உழைத்து ஓவியம் தீட்டிய பெரிய மண்டபத்தைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த காசு, பள்ளிச் சிறுவர்களின் பராமரிப்புக்குப் போயிற்று. ஊராரின் பார்வை நேரடியாகப் பிள்ளைகளின் கல்விக்கான பணமாக மாறியது அங்கேதான்.

ஆக, இந்த அறத்தின் கொடையாளர்களில் மிகப் பெரிய கூட்டம் கடைநிலை மாலுமிகள். அவர்களில் கடற்படையினரே பயனாளிகளும் கூட. ஆனால் நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. பிரபுக்களும் அமைச்சர்களும் தளபதிகளும் அமர்ந்த மேசையில், தன் சம்பளத்திலிருந்து ஆறு பென்ஸ் கொடுத்தவனின் குரல் ஒலிக்க வழியே இல்லை. குரல் இல்லாதவருக்கு எஞ்சியிருப்பது ஒன்றுதான்: உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும். அது தெரிவதற்கு ஒரு மனிதர் கொடுத்த விலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தாமஸ் பெய்லி கடற்படையில் கேப்டனாக இருந்தவர். 1774இல் கிரீனிச் ஹாஸ்பிட்டலின் துணை ஆளுநர் ஆனார். கடற்படையை நிர்வகித்த அரசுத் துறையான அட்மிரல்டியின் தலைவராக அப்போது இருந்தவர் சாண்ட்விச் பிரபு. கடலோடிகளுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட நிறுவனத்தில், கடலையே அறியாதவர்கள் பதவிகளில் நியமிக்கப்படுவதையும், அவர்களில் சிலர் சாண்ட்விச்சின் சொந்தத் தொகுதியான ஹண்டிங்டன் வட்டாரத்தில் அவருக்கு அரசியல் வகையில் உதவக்கூடியவர்களாக இருப்பதையும் பெய்லி கண்டார். முதியவர்களுக்குத் தரப்பட்ட இறைச்சி ஒப்பந்தத்தில் சொன்ன தரத்தில் இல்லை, பியர் புளித்துப்போயிருந்தது, மாலுமிகளின் அறைகள் அதிகாரிகளின் வீடுகளுக்காகச் சுருக்கப்பட்டன என்றெல்லாம் அவர் குற்றஞ்சாட்டினார். நிர்வாகக் குழுவிடம் முறையிட்டுப் பயன் கிட்டாத நிலையில், 1778இல் தன் குற்றச்சாட்டுகளை அச்சிட்டு, அறக்கட்டளையின் பொது ஆளுநர்களுக்கு அளித்தார். அவர் கடைவீதியில் நின்று விற்கவில்லை. யாருக்குப் பொறுப்பு இருந்ததோ, அவர்களிடமே கொடுத்தார்.

நிர்வாகம் என்ன செய்தது? அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது. பிரசுரத்தில் குறிப்பிடப்பட்டவர்கள் அவர்மீது அவதூறு வழக்கு தொடுத்தார்கள். வழக்கு மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் முன் வந்தபோது, பெய்லியின் தரப்பில் பேசிய வழக்கறிஞர்களில் மிக இளையவர் தாமஸ் எர்ஸ்கின். வழக்கறிஞராகப் பதிவாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அது அவருடைய முதல் வழக்கு. 1778 நவம்பரில் அவர் எழுந்து, வழக்கில் பெயரில்லாத சாண்ட்விச்சே இதன் பின்னால் இருக்கிறார் என்று சொன்னார். சாண்ட்விச் இந்த மன்றத்தின் முன் இல்லை என்று நீதிபதி தடுத்தார். இல்லாததனாலேயே அவரை இங்கே கொண்டுவருகிறேன் என்று எர்ஸ்கின் தொடர்ந்தார். வழக்கில் பெய்லி வென்றார். எர்ஸ்கினின் புகழ் அன்று தொடங்கியது. பிற்காலத்தில் அவர் நாட்டின் உயர்ந்த நீதிப் பதவியான லார்டு சான்சலராகவே உயர்ந்தார். ஆனால் பெய்லி தன் பழைய பதவிக்குத் திரும்பவே இல்லை. மறு ஆண்டு பிரபுக்கள் சபை இந்தப் பொருளை விசாரித்தது. அதனாலும் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. 1782இல் ஆட்சி மாறிய பிறகு, அவருக்காகப் பேசிவந்த ரிச்மண்டு கோமகன் தன் துறையில் அவருக்கு ஒரு பதவி கொடுத்தார்.

அறக்கட்டளை நிர்வாகத்தைப் பற்றிப் பேசும் எவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி இது என்று நினைக்கிறேன். குறைகள் எங்கும் இருக்கும். அவற்றைச் சொன்னவரை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் நிர்வாகத்தின் தரம் தெரிகிறது. உண்மையைச் சொன்னதால் அறத்தின் பெயர் கெட்டுவிடும் என்று அன்றைய குழு அஞ்சியது. அந்த அச்சம் இன்றைய பள்ளி நிர்வாகங்களுக்கும் புதியதல்ல. ஒரு நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பதையே ஊரறியச் செய்தல் என்று எடுத்துக்கொண்டால், பெய்லி பகைவராகத்தான் தெரிவார். பயனாளிகளிடமும் கொடையாளர்களிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுவது என்று எடுத்துக்கொண்டால், அந்த நிறுவனத்தின் மிகச் சிறந்த செய்தித் தொடர்பாளர் அவர்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளி வேறொரு விதத்தில் மக்கள் கண்முன் வந்தது. 1798இல் தனியாகத் தொடங்கப்பட்ட ராயல் நேவல் அசைலம் என்ற அநாதைப் பிள்ளைகள் இல்லம் கிரீனிச்சுக்கு மாற்றப்பட்டு, அரசி மாளிகை என்று அழைக்கப்படும் பழைய அரச மாளிகையில் இயங்கிவந்தது. 1821இல் அதுவும் கிரீனிச் ஹாஸ்பிட்டலின் பள்ளியும் இணைந்தன. டிராஃபல்கர் போரின் நினைவாக எழுப்பப்பட்ட நீண்ட தூண்வரிசைகள் மாளிகையை இருபுறக் கட்டடங்களோடும் இணைத்தன. மாளிகையின் முன் புல்வெளியில், பாய்மரங்களோடு பயிற்சிக் கப்பல் ஒன்று தரையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பெயர் ஃபேம். மாலுமிச் சீருடை அணிந்த சிறுவர்கள் அதன் கயிறுகளில் ஏறி இறங்குவதை அந்த வழியாக வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். லண்டன் மக்களுக்கு அது பழகிய காட்சி.

அந்தக் காட்சி யாருக்காக? ஆதரவற்ற மாலுமிப் பிள்ளைகளுக்கு நாடு செய்யும் நன்மையை அது காட்டியது என்பது உண்மை. கடற்படைக்கு ஆள் சேர்க்கும் கண்காட்சியாகவும் அது இருந்தது என்பதும் உண்மை. படித்து முடிக்கும் சிறுவர்கள் கடலுக்குப் போவார்கள் என்ற எதிர்பார்ப்பு பள்ளியின் அமைப்பிலேயே இருந்தது. பணியில் இறந்த மாலுமிக்கு நாடு பட்ட கடனைத் தீர்ப்பதற்காக ஏற்பட்ட பள்ளி, அவனுடைய மகனையும் அதே பணிக்குத் தயார் செய்து காட்டும் மேடையாக மாறும்போது, அறத்தின் நோக்கமும் அரசின் தேவையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 1865இல் சட்டத்தின் மூலம் அறக்கட்டளையின் நிர்வாகம் அட்மிரல்டியின் கைக்குப் போனது. 1869இல் முதிய மாலுமிகளின் உறைவிடம் மூடப்பட்டது. அதன்பின் அறத்தின் பணம் ஓய்வூதியங்களாகவும் கல்வியாகவும் செலவாயிற்று. மக்கள் கண்ணால் பார்க்கக்கூடியதாக எஞ்சியது பள்ளி ஒன்றுதான்.

1933ஆம் ஆண்டு இடப்பெயர்ச்சி இதைத் தலைகீழாக்கியது. கிஃபோர்டு ஷெர்மன் ரீட் என்ற செல்வந்தர், முதல் உலகப்போரில் கடற்படை ஆற்றிய பணிக்கு நன்றியாக, ஹோல்புரூக்கில் தமக்கிருந்த நிலத்தைக் கொடையாக அளித்திருந்தார். அங்கே எழுந்த புதிய வளாகத்துக்கு 1928இல் யார்க் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1933இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். கிரீனிச்சில் பள்ளி இருந்த கட்டடங்களில் 1937இல் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குக் காற்றும் வெளியும் ஆற்றங்கரையும் கிடைத்தன. நெருக்கடியான பழைய விடுதிகளை விட எல்லா வகையிலும் அது நல்லது. ஆனால் தலைநகரின் நடுவே தினமும் கண்ணில் பட்ட ஒரு பள்ளி, தேடிப்போனால் மட்டுமே காணக்கூடிய இடத்துக்குப் போய்விட்டது. தானாகவே தெரிந்த ஒன்றை இனி எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பொறுப்பு அறங்காவலருடையது.

அறங்காவலர் யார்? கிரீனிச் ஹாஸ்பிட்டல் முடியரசுக்கு உரிய அறக்கட்டளை. முன்பு அட்மிரல்டியின் பொறுப்பில் இருந்தது. 1964இல் அட்மிரல்டி பாதுகாப்பு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்ட பிறகு, பாதுகாப்பு அமைச்சரே முடியரசின் சார்பில் அதன் ஒரே அறங்காவலர். அன்றாட நிர்வாகத்தை இயக்குநரும் அலுவலர்களும் பார்க்கிறார்கள். பள்ளிக்குத் தனியாக ஆளுநர் குழு உண்டு. ஆனாலும் சட்டப்படி இறுதிப் பொறுப்பு ஓர் அமைச்சரின் தோளில் இருக்கிறது. இதில் ஒரு நன்மை உண்டு: அமைச்சரை நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். சாதாரண அறக்கட்டளையின் தலைவரை அப்படி எழுப்பிக் கேட்க முடியாது. அறக்கட்டளையின் வரவு செலவு மதிப்பீடு, அதனோடு சேர்ந்த டிராவர்ஸ் அறக்கட்டளையின் கணக்கோடு, பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் காமன்ஸ் சபையின் முன் வைக்கப்பட்டுத் தீர்மானத்தால் ஏற்கப்பட்டுவந்தது. மற்ற அறப்பள்ளிகள் எதற்கும் எளிதில் வாய்க்காத வெளிச்சம் அது.

இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு மாலுமியின் மகள் தங்கும் விடுதியின் செலவு நாட்டின் உயர்ந்த மன்றத்தில் பேசத்தக்க பொருள் என்று ஒரு நாடு கருதியிருக்கிறது. ஆனால் வரவு செலவு அறிக்கை பதில் சொல்லும் கேள்விகள் குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தவை. நிலத்திலிருந்து எவ்வளவு வந்தது, பள்ளிக்கு எவ்வளவு போனது, ஓய்வூதியத்துக்கு எவ்வளவு என்று அது சொல்லும். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் எத்தனை என்று அது சொல்லாது. விண்ணப்பிக்காதவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பணத்தைத் தணிக்கை செய்வதற்கு நல்ல ஏற்பாடு இருந்து, சேர வேண்டியவரைச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு ஏற்பாடு இல்லாவிட்டால், வெளிப்படைத்தன்மை பாதியில் நின்றுவிடுகிறது.

அமைச்சரே அறங்காவலராக இருப்பதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. அதை மறைக்காமல் பேச வேண்டும். பெற்றோருக்கு வேலை கொடுப்பது அதே அமைச்சகம். அவர்களை மாதக்கணக்கில் கடலுக்கு அனுப்புவதும் அதுவே. அடிக்கடி இடமாறும் படைவீரர்களின் பிள்ளைகள் ஒரே பள்ளியில் தொடர்ந்து படிப்பதற்காகத் தொடர்கல்விப் படி என்ற பெயரில் விடுதிப் பள்ளிக் கட்டணத்தின் பெரும்பகுதியை ஏற்பதும் அதுவே. அந்தப் படியின் விதிகளை எழுதுவதும் மாற்றுவதும் அதுவே. ஒரு முதலாளி தன் ஊழியருக்குச் செய்ய வேண்டிய கடமையை, அந்த ஊழியருக்கென்று முன்னோர் விட்டுச்சென்ற அறப்பணத்தைக் கொண்டு நிறைவேற்றிவிடக் கூடிய நிலைமை இது. அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி நடக்கவில்லை என்பது ஒவ்வோர் ஆண்டும் எழுத்தில் காட்டப்பட வேண்டும் என்கிறேன். அரசு தர வேண்டியது எது, அறம் அதற்கு மேல் தருவது எது என்ற கோடு எந்தப் பெற்றோரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி வரையப்பட்டால், சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி குடும்பங்களின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கடற்படைக் குடும்பம் மற்றக் குடும்பங்களைப் போலச் செய்தியைப் பெறுவதில்லை. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் ரோந்து போகும் மாலுமிக்கு வீட்டிலிருந்து சில சொற்களே கொண்ட செய்தி ஒரு திசையில் மட்டும் போய்ச் சேரும். அவரால் பதில் அனுப்ப முடியாது. அந்த மாதங்களில் வீட்டில் இருப்பவர் ஒருவர் மட்டுமே எல்லா முடிவுகளையும் எடுக்கிறார்: பிள்ளையின் படிப்பு, வீடு மாறுவது, நோய், கடன். இருவருமே கடற்படையில் இருக்கும் குடும்பங்களில் தாத்தா பாட்டியிடம் அந்தச் சுமை போகிறது. பள்ளியின் திறந்தவெளி நாளுக்கு ஹோல்புரூக் வரை வந்து பார்ப்பதோ, தடித்த கையேட்டைப் படித்து ஒப்பிடுவதோ இத்தகைய குடும்பத்துக்கு எளிதன்று. ஆனால் இந்தக் குடும்பத்துக்குத்தான் விடுதிப் பள்ளி உண்மையிலேயே தேவைப்படுகிறது. யாருக்குத் தேவை மிக அதிகமோ அவரிடம் செய்தி மிகத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்பதே இதிலுள்ள சிக்கல்.

ஆகவே இந்தப் பள்ளிக்கான ஊரறிவிப்பு, பத்திரிகைப் பக்கங்களிலும் இணைய விளம்பரங்களிலும் தொடங்குவது சரியாகாது. கடற்படையிலேயே அதற்கான வழி இருக்கிறது. ஒவ்வொரு மாலுமிக்கும் அவருடைய நலனுக்குப் பொறுப்பான பிரிவு அதிகாரி ஒருவர் உண்டு. பிள்ளை பிறந்ததையும், திருமணம் முறிந்ததையும், மனைவி நோயுற்றதையும் முதலில் அறிபவர் பெரும்பாலும் அவர்தான். அந்த அதிகாரிக்கு இந்தப் பள்ளியைப் பற்றியும், அங்கே கிடைக்கும் கட்டணச் சலுகையைப் பற்றியும் தெளிவாகத் தெரிந்திருந்தால், ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை ஒரு பேச்சு செய்துவிடும். கடற்படைக் குடும்பக் கூட்டமைப்பும், கடற்படையினரின் பிள்ளைகளுக்காகவே இயங்கும் அறநிறுவனமும் இருக்கின்றன. இறந்த மாலுமியின் வீட்டுக்கு முதலில் போகிறவர்களின் கையிலேயே இந்தச் செய்தி இருக்க வேண்டும். அந்தக் குடும்பம் துக்கத்திலிருந்து மீண்டு தானாகத் தேடி வரட்டும் என்று காத்திருப்பது முறையன்று.

கட்டணச் சலுகை என்றதும் ஒரு தடையைச் சொல்ல வேண்டும். வருமானத்தைப் பார்த்துச் சலுகை தரும் முறை நியாயமானது; குறைந்த பணத்தை மிகத் தேவையானவருக்குத் தர வேறு வழியில்லை. ஆனால் பள்ளியின் கட்டணப் பட்டியலை முதலில் பார்க்கும் ஒரு சாதாரண மாலுமியின் மனைவி, அந்த எண்ணைப் பார்த்ததும் இது நமக்கான இடம் அன்று என்று முடிவு செய்துவிடுவார். சலுகைக்குப் பிறகு கட்ட வேண்டிய தொகை அதில் சிறு பங்காகவே இருக்கக்கூடும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்துக்கு அவர் போகவே மாட்டார். முழுக் கட்டணத்தை எழுதும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், இன்ன பதவியும் இன்ன வருமானமும் உள்ள குடும்பம் ஏறக்குறைய இவ்வளவு கட்டும் என்று மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுவதுதான் நேர்மையான அறிவிப்பு. உதவி கேட்கக் கூச்சப்படும் மனிதர்களுக்கு, இது பிச்சை அன்று, உங்களைப் போன்ற மாலுமிகளின் ஆறு பென்ஸில் வளர்ந்த சொத்து என்று சொல்லும் கடமையும் இருக்கிறது. இதை எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் அச்சிடலாம்.

கடந்த சில பத்தாண்டுகளில் பள்ளி மாறியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நின்றுபோயிருந்த பெண்பிள்ளைகளின் சேர்க்கை 1991இல் மீண்டும் வந்தது. இந்த நூற்றாண்டில் கடலோடு தொடர்பில்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் முழுக் கட்டணம் செலுத்திச் சேரும் நிலை ஏற்பட்டது. இதைக் குறை சொல்லும் பழைய மாணவர்கள் உண்டு. நான் அவர்களோடு முழுமையாக உடன்படவில்லை. கடற்படை சுருங்கிவிட்டது. இருக்கும் வளாகத்தை நிரப்பாமல் வைத்திருந்தால் அறப்பணம் வெறும் சுவர்களைக் காக்கவே செலவாகும். பல வகைக் குடும்பங்களின் பிள்ளைகள் கலந்து படிப்பது கடற்படைப் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் இதன் பின்விளைவு ஒன்று அறங்காவலரின் கண்ணில் எப்போதும் இருக்க வேண்டும். இப்போது பள்ளி இரண்டு கூட்டத்தாரிடம் பேசுகிறது: கட்டணம் கொடுப்பவர்களிடமும், உதவி பெற வேண்டியவர்களிடமும். முதல் கூட்டத்தார் வராவிட்டால் அந்த ஆண்டே வருமானம் குறைந்து, அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது கூட்டத்தார் வராவிட்டால் யாருக்கும் உடனே தெரியாது. விளம்பரப் பணம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரி முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மீது 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்ட பிறகு, கட்டணம் செலுத்தக்கூடியவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அவசரம் எல்லாப் பள்ளிகளுக்கும் கூடியிருக்கிறது. அந்த அவசரத்தில் இரண்டாவது கூட்டத்தாரை மறக்காமலிருக்க, அதற்கென்று தனி நிதியும் தனிப் பொறுப்பாளரும் ஒதுக்கப்படுவதே ஒரே வழி என்று நினைக்கிறேன்.

இதே நோக்கத்துக்கு வேறு அமைப்பு முறைகளும் உண்டு. டோவரில் இருக்கும் யார்க் கோமகன் ராணுவப் பள்ளி 1803இல் தரைப்படையினரின் பிள்ளைகளுக்காகத் தோன்றியது. 2010இல் அது அரசு நிதியில் இயங்கும் அகாடமியானது. அங்கே கல்விக்குக் கட்டணமில்லை, தங்குவதற்கு மட்டும் கட்டணம். ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் உள்ள விக்டோரியா அரசிப் பள்ளியைப் பாதுகாப்பு அமைச்சகமே நடத்துகிறது. அறக்கட்டளையின் சொத்து வருமானத்தில் நிற்கும் ராயல் ஹாஸ்பிட்டல் பள்ளி இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அரசின் கொள்கை மாற்றங்களுக்கு நடுவே தன் போக்கைத் தானே வகுத்துக்கொள்ளும் சுதந்திரம் அதற்கு அதிகம்; அதனாலேயே விளக்கம் சொல்லும் கடமையும் அதிகம்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்படைச் சீருடையில் அணிவகுக்கும் மாணவர்களின் காட்சி அழகானது; அந்த மரபை அந்தப் பிள்ளைகளே பெருமையோடு போற்றுகிறார்கள். ஆனால் தந்தையையோ தாயையோ இழந்து, அதன் காரணமாகவே அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் கதையைப் படத்தோடு சொல்லிக் கொடை திரட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பெற்றோர் சம்மதித்தாலும், பதினோரு வயதில் தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை முப்பது வயதிலும் தன்னைத் தொடரும் என்பதை அந்தப் பிள்ளையால் அப்போது எடைபோட முடியாது. உதவி பெறுபவர் யார், பெறாதவர் யார் என்பது வகுப்பறையிலும் விடுதியிலும் வெளிப்படாமல் இருப்பதே அறத்தின் மரியாதை.

ஊரறியச் செய்தலின் கடினமான பகுதி கடைசியில் வருகிறது: கெட்ட செய்தியைச் சொல்லுவது. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தங்கும் எந்த இடத்திலும் ஆபத்து இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறார்மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த சுதந்திர ஆணையம், விடுதிப் பள்ளிகளைப் பற்றிய தன் அறிக்கையை 2022இல் வெளியிட்டது. பள்ளியின் பெயரைக் காக்கும் எண்ணம் பிள்ளைகளைக் காக்கும் எண்ணத்துக்கு முன்னால் வந்துவிடக்கூடும் என்ற பாடம் அதிலிருந்து எல்லா விடுதிப் பள்ளிகளுக்கும் கிடைக்கிறது. விடுதி மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் பேசக்கூடிய, பள்ளியைச் சாராத ஒருவர் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் விடுதிப் பள்ளித் தரவிதிகள் கேட்கின்றன. தந்தை கடலடியில் பதில் அனுப்ப முடியாத இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு, அந்த ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் விடுதியின் சுவரில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பார்க்கலாம். ஆய்வாளர்களின் அறிக்கையில் குறை சொல்லப்பட்டால், பாராட்டுக் கிடைத்தபோது எந்தக் குரலில் அறிவித்தார்களோ அதே குரலில் ஆளுநர் குழு அதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பெய்லியை இடைநீக்கம் செய்த குழுவுக்கும் நல்ல குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இந்த இடத்தில்தான் அளப்பேன்.

என் கோரிக்கை பெரியதன்று. கிரீனிச் ஹாஸ்பிட்டல் போன்ற ஓர் அறக்கட்டளை தன் ஆண்டறிக்கையில் நிலத்தின் வாடகையையும் முதலீட்டின் வருவாயையும் தெரிவிப்பதோடு, இன்னும் ஒரு பக்கம் சேர்க்கட்டும். அந்த ஆண்டில் எத்தனை கடற்படைக் குடும்பங்களிடம் பள்ளியைப் பற்றி நேரில் சொல்லப்பட்டது, அவர்களில் கடைநிலை மாலுமிகள் எத்தனை பேர், அதிகாரிகள் எத்தனை பேர், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது, பணியில் இறந்தவர்களின் குடும்பங்களில் எத்தனை குடும்பங்களை எத்தனை நாட்களுக்குள் அறக்கட்டளை அணுகியது என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். அந்தப் பக்கத்தில் அறங்காவலரான அமைச்சரின் கையெழுத்து இருக்கட்டும். ஏதாவது ஓர் ஆண்டில் அந்த எண்கள் சரிந்தால், அதற்கான காரணத்தை அவையில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினருக்கு அது ஒன்றே போதும்.